ஆறாம் காட்சியில் நான் திருந்தினேன்

பிள்ளைகளே,

போன வெள்ளிக்கிழமை உங்களில் மூத்தவள் மரப்பெட்டியைத் துடைக்கும்போது அடியிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்து வந்தாள். அரக்கு உடல், பச்சைக் கரை. பழைய வேட்டித் துணியில் சுற்றி நான்தான் வைத்திருந்தேன். நெசவுக்காரர் வீட்டுப் பெண் அல்லவா, விரித்ததும் அவள் கண் கரைக்குத்தான் போயிற்று. வலது கரையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள்.

"இன்னா பெரிப்பா, இங்க ஒரு எழை உட்டுப் போயிருக்குது. இங்க ஒண்ணு. இதோ, இன்னொண்ணு. யாரு நெஞ்சது இத்த?"

"உங்கப்பாவும் நானும்" என்றேன்.

"எங்கப்பாவா இப்படி உட்டாரு? அவரு கை சுத்தம்னு தெருவே சொல்லுதே."

நான் எழுந்து தறிக்குப் போய்விட்டேன். பெரியப்பாவுக்குக் கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். கோபம் இல்லை அம்மா. இந்த விஷயத்தை வாயால் சொன்னால் எனக்கு வேறு மாதிரி வந்துவிடும். அது ஏன் என்று பின்னால் எழுதுகிறேன். அதனால்தான் சின்னவனுடைய பழைய நோட்டில் மிச்சம் இருந்த தாள்களில் இதை எழுதுகிறேன். நாலாம் வகுப்பு படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மூத்தவளின் அப்பா என் தம்பி. மற்ற இருவருக்கும் அவன் சித்தப்பா. மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அவன் போய்விட்டான். மார்ச்சளி முற்றிப் போனான் என்றுதான் உங்களுக்குச் சொல்லி வளர்த்தோம். அது பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதில் பாதிதான் அது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அவனுக்கு இருபத்து மூன்று. அப்பாவும் அம்மாவும் முன்னமே காலமாகிவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி உங்கள் அம்மா வந்திருந்தாள். நீங்கள் இருவரும் பிறக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகி மூத்தவள் பிறந்திருந்தாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே தறி.

நான் அப்போது எப்படிப்பட்டவன் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குக் குரல் நன்றாக இருந்தது. அந்தக் குரலுக்காக வீடே நடக்க வேண்டும் என்று நினைப்பேன். தொண்டைக்கு ஆகாது என்று எனக்கு மட்டும் குளிர்ந்த சோறு கூடாது. மிளகு ரசம் வேண்டும். ஒரு தீபாவளிக்குப் பட்டு வியாபாரி வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள். வீட்டில் இருமுகிறவன் தம்பி. அதைப் போர்த்திக்கொண்டு ஒத்திகைக்குப் போனவன் நான். அவன் கேட்கவில்லை. அவன் கேட்காததால் அவனுக்கு வேண்டாம் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் ஒரு நாடக சபை இருந்தது. அதுவரை புராணக் கதைகளே போட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் ஐயம்பேட்டையிலிருந்து வருகிற ஆர்மோனிய வாத்தியார் ஒரு குடும்பக் கதையை எழுதிக்கொண்டு வந்தார். ஓர் அண்ணன். தன் சுகமே பெரிது என்று இருப்பவன். அப்பா செத்தபின் தாயையும் நோயாளித் தம்பியையும் விட்டுவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஐந்து காட்சி வரை அவனைப் பார்த்து ஜனங்கள் பல்லைக் கடிக்க வேண்டும். ஆறாம் காட்சியில் அவன் திரும்பி வந்து, சாகக் கிடக்கிற தம்பியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு பாடுவான். இனிமேல் இந்தக் குடும்பத்தின் பாரம் என் தோளில் என்பான். ஏழாம் காட்சியில் தம்பி கண்ணைத் திறந்து, "அண்ணா, பசிக்கிறது" என்பான். அதோடு மங்களம்.

அண்ணன் வேஷம் எனக்குத்தான் என்று வாத்தியார் சொன்னதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். தம்பி சிரித்தான்.

"உனக்கு வேஷமே தேவல்லண்ணா. வூட்லேர்ந்து அப்படியே நடந்து வந்து நில்லு. மொத அஞ்சு காட்சிக்கு வாத்தியாரு ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம்."

"ஆறாங் காட்சிக்கு?"

"அதுக்குத்தான் நீ ரொம்பக் கஷ்டப்படணும்."

உள்ளே உங்கள் அம்மாவும் அவன் பெண்டாட்டியும் சிரித்தது எனக்குக் கேட்டது. நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வெறும் கேலியாகத்தான் இருந்தது.

பாடம் பண்ணியது எல்லாம் தறியில்தான். நான் நடுவில் உட்கார்ந்து உடலுக்கான நாடாவை, அதாவது குறுக்கு நூல் வைத்த கட்டையை, ஓட்டுவேன். அவன் என் வலப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கான நாடாவை ஓட்டுவான். ஒவ்வொரு முறையும் என் இழையும் அவன் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதுதான் கோர்வை. அண்ணன் வசனத்தை நான் சொல்வேன். மற்ற எல்லார் வசனத்தையும் அவன் சொல்வான். தாயாக, தம்பியாக, வீட்டை விலைக்கு வாங்க வருகிறவனாக, எல்லாம் அவனே. கையெழுத்துப் பிரதி என் கையில் இருந்தும் எனக்கு முன்னால் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"மகனே, பெற்றவளை விட்டுப் போகிறாயா?" என்று தாய்க் குரலில் இழுத்துச் சொல்லிவிட்டு, அதே குரலில், "போறதுன்னா போ, நாடாவ வெச்சிட்டுப் போ" என்பான்.

ஆறாம் காட்சி மட்டும் எனக்கு வரவே இல்லை. பாட்டு வந்தது, அழுகை வரவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

"பாட்டுக்கு முன்னாடி சும்மா நில்லுண்ணா. வாயத் தொறக்காத. ஜனங்க உன் மூஞ்சியப் பாக்கட்டும். நீ அழப் போறேன் அழப் போறேன்னு தண்டோரா போட்டுக்கினு வர."

அப்படி நின்று பார்த்தேன். வந்தது.

கார்த்திகை மாசத்தில் அவன் இருமல் அதிகமாயிற்று. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு வைத்தியரை அழைத்து வந்தோம். நயினார் வீட்டுக்காரர், சமணர். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல அவசரப்படுவார். அன்றைக்கு மட்டும் நெடுநேரம் உட்கார்ந்து தம்பியின் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"கபம் கட்டிக்கினு இருக்குது. மருந்து நான் தரேன். மருந்து பாதிதான். இந்த மார்கழியும் தையும் இவன் விடியப் பனியில நிக்கக் கூடாது. ஈரக் கஞ்சில கை வெக்கக் கூடாது. மாசி பொறந்துட்டா ஆளு தேறிடுவான். தெருவுக்கு இந்த வூட்லேர்ந்து யாரு போறது?"

அவர் கேட்டது பாவுக்கு நிற்பதைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பதால் எழுதி வைக்கிறேன். தறியில் ஏற்றும் முன் பாவை, அதாவது நீளவாட்டு இழைகள் அத்தனையையும், தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். கஞ்சி காய்வதற்குள் இழை இழையாகக் கோதிப் பிரித்துவிட வேண்டும். விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் இருள் பிரியுமுன் தொடங்குவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள். உன் வீட்டுப் பாவுக்கு நான், என் வீட்டுப் பாவுக்கு நீ. ஆள் வராத வீட்டின் பாவு தெருவுக்கு வரும்போது ஒரு கதவும் திறக்காது. யாரும் சண்டை போட மாட்டார்கள். தூங்கிட்டோம்பா என்பார்கள். அவ்வளவுதான், அந்த வீட்டுத் தறி நின்றுபோகும்.

எங்கள் வீட்டிலிருந்து அத்தனை நாளும் போய்க்கொண்டிருந்தவன் தம்பி. ஒத்திகை முடிந்து வந்து தூங்குகிறவன் நான்.

"நான் போறேன் ஐயா" என்றேன் வைத்தியரிடம். தம்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவன் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தாள். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆறோ ஏழோ நாள் போனேன். எதிர்வீட்டு மாமா ஒரு தடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, "பாவு இருக்குதுபா" என்று சொல்லிக்கொண்டே போவார். எழுந்து போய் நின்றேன். பிறகு நாடகம் நெருங்கிவிட்டது. ஒரு நாள் தட்டும் சத்தம் கேட்டது. உங்கள் அம்மா என்னை எழுப்ப வந்தாள். அடுத்த அறையிலிருந்து தம்பி மெதுவாகச் சொன்னது கேட்டது.

"எழுப்பாதீங்க அண்ணி. இன்னிக்கி வாத்தியாரு பாட்டெல்லாம் பாக்கப் போறாரு. தொண்டை கட்டிக்கும். ஒரு நாளு தானே, நான் போறேன்."

"உங்களப் போகக் கூடாதுன்னாரே."

"மூஞ்சில துணி கட்டிக்கினு போறேன்."

நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன் பிள்ளைகளே. கண்ணை மூடிக்கொண்டு அத்தனையும் கேட்டேன். கதவு திறந்த சத்தமும், அவன் வெளியே போய் முதல் இருமல் இருமியதும் கேட்டது. கம்பளியை இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த மார்கழியில் அப்படி எத்தனை நாள் நடந்தது என்று எனக்குத் தெரியாது. கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்கழி கடைசியில் தொடங்கியதுதான் இந்த அரக்குப் புடவை. நாடகம் நெருங்க நெருங்க நான் தறியில் கண்ணை வைப்பதே இல்லை. சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் அவன் இருமுவான். இருமும்போது அவன் கை ஒரு முறை நின்றுவிடும். அந்த இடத்தில் என் இழை கோத்துக்கொள்ள ஆள் இல்லாமல் போய்விடும். உடனே பார்த்தால் பிரித்து மறுபடி போட்டுவிடலாம். அதைப் பார்க்க வேண்டியது நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் வேலை. நான் பார்க்கவில்லை. ஒரு முழம் நெய்த பிறகு ஒரு நாள் கண்ணில் பட்டது. ஊசிமுனை அளவு சந்துகள்.

"இன்னாடா இது? வியாபாரி மூஞ்சில வீசுவான்" என்று கத்தினேன்.

அவன் குனிந்து பார்த்தான். "ஆமாண்ணா. உட்டுட்டேன்" என்றான். நீயும் பார்க்கவில்லையே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காணும் பொங்கல் அன்று சாயங்காலம் நாடகம். தெருக்கோடிக் காலி இடத்தில் கொட்டகை போட்டிருந்தோம். காஸ் விளக்குகள், வாடகைத் திரைச்சீலை, முகத்தில் பவுடர். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர்கள் கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தான். தோளில் ஒரு துண்டு. கம்பளி என்னிடம் இருந்தது. ஆறாம் காட்சியில் சாகக் கிடக்கிற தம்பிக்குப் போர்த்த ஒரு கம்பளி வேண்டும் என்று வாத்தியார் கேட்டிருந்தார். நான் வீட்டுக் கம்பளியைக் கொடுத்திருந்தேன்.

முதல் ஐந்து காட்சியில் ஜனங்கள் என்னைத் திட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "இவனையெல்லாம் பெத்தாளே" என்று சொன்னது மேடைக்கே கேட்டது. ஆறாம் காட்சி வந்தது. தம்பி வேஷக்காரனைக் கம்பளியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டேன். சும்மா இருந்தேன். கொட்டகை சத்தம் அடங்கியது. முதல் வரிசையில் என் தம்பியின் உதடு என் வசனத்தோடு அசைந்துகொண்டிருந்தது. நான் மறந்தால் எடுத்துக் கொடுப்பதற்கு. அவனைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அழுதேன். அது நடிப்பு இல்லை. நான் செய்ததெல்லாம் என் கண்முன் வந்தது. நான் திருந்திவிட்டேன் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. ஊரே அழுதது.

வீட்டுக்கு நடக்கும்போது தம்பி சொன்னான்: "இன்னிக்குத்தாண்ணா நின்ன."

அவன் தோளில் கம்பளியைப் போர்த்தினேன். "இனிமே இது உன்னுது. நாளைக்கி எதிர்வீட்டுப் பாவு. நான் போறேன். மாசி வரைக்கும் நீ வாசப்படி தாண்டக் கூடாது" என்றேன்.

"சரிண்ணா" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடிவதில்லை.

மறுநாள் முதல் தட்டிலேயே எழுந்தேன். பனி தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டாயிற்று. எனக்குக் கிழக்குக் கோடி. எல்லோரும் நாடகத்தைப் பற்றியே பேசினார்கள்.

"எம் பொஞ்சாதி ராத்திரி சோறு துன்னலபா, உன்னாலதான்."

"ஆறாங் காட்சிப் பாட்ட ஒரு தரம் எடுத்து உடு. கை தானா ஓடும்."

நான் கோதிக்கொண்டே பாட ஆரம்பித்தேன். முதல் அடி கை வேலையோடு போயிற்று. இரண்டாம் அடியில் கையை நீட்டிப் பாட வேண்டும். இழையை விட்டேன். பாவின் ஓரமாக நடந்து நடுத்தெருவுக்கு வந்துவிட்டேன். எல்லோர் முகமும் என் பக்கம். வீட்டு வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள்.

"யாருப்பா கெழக்குக் கோடில? எழை ஒட்டுது பாரு" என்று மாமா கூப்பிட்டார்.

கேட்டது. இன்னும் இரண்டடி பாக்கி இருந்தது. ஜனங்கள் அழுத இடம் அந்த இரண்டடிதான்.

அப்போது எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. தம்பி வந்தான். கம்பளியோடு பாவில் நிற்க முடியாது, இழையில் மாட்டும். அதைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, வெறும் உடம்போடு போய்க் கிழக்குக் கோடியில் குனிந்து இழையைப் பிரிக்க ஆரம்பித்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவன் உதடு மட்டும் பாட்டோடு அசைந்தது.

நான் அவனைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பாட்டை முடித்தேன்.

அதுதான் பிள்ளைகளே. நான் தூங்குவது போலக் கிடந்ததையும் கம்பளியை எடுத்துக்கொண்டதையும் கூட இந்த வயதில் ஏதோ ஒரு விதமாகச் சுமந்துவிடுகிறேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். இரண்டடிதான்.

எல்லோரும் சபாஷ் என்ற பிறகு மாமா அவனைக் கவனித்தார்.

"நீ ஏன்டா வந்த? உன்ன வரக் கூடாதுன்னாங்களே."

"அண்ணன் நடுவுல நிறுத்தினா நல்லாருக்காது மாமா."

ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தேன். "உள்ள போடா, நான் பாக்கறேன்."

"உடுண்ணா. பாதியில ஆள மாத்தினா எழை குழம்பிடும். இந்தப் பக்கம் நானே முடிச்சிடறேன்."

அது தொழிலில் உண்மைதான். ஒருவன் பிரித்த வரிசையை நடுவில் இன்னொருவன் எடுத்தால் தடுமாறும். அந்த உண்மையைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் அவனை நிற்க விட்டேன். வெயில் வரும் வரை நின்றான்.

அன்று சாயங்காலமே காய்ச்சல். மறுநாள் மதியம் வைத்தியர் வந்தார். முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பனியில நின்னானா?"

 உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். படுத்திருந்தவன்தான் பேசினான்.

"இல்லீங்க ஐயா. அண்ணன்தான் போச்சி."

வைத்தியர் நாடி பார்ப்பதற்கு அவன் கையை எடுத்தார். அவன் நகக்கண்களில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மருந்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இருபது நாளுக்கு மேல் படுத்திருந்தான். நான் தறிப் பக்கமும் சபைப் பக்கமும் போகவில்லை. அரிசிக் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூத்தவளே, நீ அவன் காலடியில் தவழ்ந்து போய்க் கம்பளியின் நூலைப் பிடுங்குவாய். அவன் சிரிக்கப் பார்ப்பான், இருமல் வரும். என் மனசில் ஏழாம் காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் திருந்திவிட்டான், பக்கத்திலேயே இருக்கிறான், இனி தம்பி கண்ணைத் திறந்து பசிக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தைக்காகக் கஞ்சியைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி வைத்திருந்தேன். அவன் கடைசிவரை பசிக்குது என்று சொல்லவில்லை. மாசி பிறக்க நாலு நாள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் தறிக்குப் போய் உட்கார்ந்தேன். அரக்குப் புடவை பாதியில் நின்றிருந்தது. வலப்பக்கம் அவன் நாடா அவன் வைத்த இடத்திலேயே கிடந்தது. இரண்டு ஆள் வேலையை ஒருவன் செய்ய முடியாது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தம்பி பெண்டாட்டி வந்தாள். அவள் இன்னும் ஒரு வருஷம் அறையை விட்டு வரக் கூடாது என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் வந்து அவன் இடத்தில் உட்கார்ந்தாள். என் எதிரில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. குழந்தையைப் பக்கத்தில் விட்டாள்.

எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. தூங்குவது போலக் கிடந்தது, கம்பளி, அந்த இரண்டடி. வாயைத் திறக்குமுன் சற்று நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சொன்னேன்: "பாவி நான். என் சுகமே பெரிதென்று இருந்துவிட்டேன். இனிமேல் இந்தக் குடும்பத்தின் பாரம் என் தோளில்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் கூட இல்லை.

"இது ஆறாங் காட்சில வரதாச்சே மாமா" என்றாள். "நாடாவ குடுங்க."

மூன்று மாசம் சமையலறையில் இருந்தபடியே கேட்டவள் அவள். ஒரு வார்த்தை மாறாமல் அவளுக்குத் தெரியும். அந்த நிறுத்தம் கூட நான் தம்பியிடம் கற்றுக்கொண்டதுதான். என் மனசு உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல என்னிடம் வேறு வார்த்தை இல்லை. இருந்த வார்த்தைகளை எல்லாம் மேடையில் செலவழித்துவிட்டேன்.

நாடாவைக் கொடுத்தேன். அன்று முதல் அவள்தான் வலப்பக்கம். இன்றும் அவள்தான். பாதிக்கு மேல் புடவையைப் பார்த்தால் தெரியும், கரையில் ஓர் இழை கூட விட்டிருக்காது. அது உன் அம்மா கை, மூத்தவளே. விட்டுப்போன இழைகளுக்காக வியாபாரி அந்தப் புடவையை எடுத்துக்கொள்ளவில்லை. நல்லதாயிற்று என்று நான் பெட்டியில் வைத்தேன்.

அடுத்த பொங்கலுக்கு வாத்தியார் வந்து கூப்பிட்டார். வேறு ஆளைப் போடச் சொன்னேன். அவரும் வற்புறுத்தவில்லை. அதற்கப்புறம் நான் பாடியதில்லை. உங்கள் அப்பாவுக்குப் பாட வரும் என்பதே உங்களில் இளையவர்கள் இருவருக்கும் தெரியாது.

காரியத்துக்குப் பிறகு தெருவில் வந்த முதல் பாவுக்குப் போனபோது, நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். ஆட்கள் கிழக்குக் கோடியில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நின்றிருந்தார்கள். மாமா தடியால் அந்த இடத்தைக் காட்டினார். "அது உங்க வூட்டு எடம்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு ஆள் இல்லாமல் இந்தத் தெருவில் ஒரு பாவும் காயவில்லை. அதனால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று எழுதவில்லை. காலையில் எழுந்து போவது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

உன் அம்மாவிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் பழையபடி அந்தக் குரல் வந்துவிடுமோ என்று பயம். தாளில் குரல் இல்லை. அதனால் இதை எழுதினேன். மூத்தவளே, உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நீ இதை அவளுக்குப் படித்துக் காட்டலாம். காட்டாமலும் இருக்கலாம். படித்தால் பாட்டு மாதிரி இழுக்காமல், கணக்குப் பாடம் படிப்பது போலப் படி.

ஆடி கழிந்து உனக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை வேறு நெய்கிறோம். அந்த அரக்குப் புடவையையும் நீ எடுத்துக்கொண்டு போ. கட்டிக்கொள்வதும் கட்டாததும் உன் இஷ்டம். யார் நெய்தது என்று அங்கே யாராவது கேட்டால், உன் அப்பா கை சுத்தம் என்று சொல். அவன் தப்பாக ஒரு நாடாவும் ஓட்டவில்லை. நீ விரல் வைத்த இடமெல்லாம் அவன் இருமிய இடம். பதினேழு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஒரு முறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைக்கு எதிர்வீட்டுப் பாவு. மாமா போய்விட்டார், அவர் மகன்தான் இப்போது கதவைத் தட்டுகிறான். தட்டுவதற்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும். விளக்கை அணைக்கிறேன்.